கோலமாவுக் கோடு

பிள்ளையார்பாளையத்துத் தெருவில் காலையிலேயே அரக்குச் சிவப்புப் பட்டு நூலைத் தறிக்கான பாவாக நீளமாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதை எடுக்கும்வரை பைக் எதுவும் உள்ளே வராது. தேவிப்ரியாவுக்கு அது போதும். அடுத்த மாதம் போலீஸ் தேர்வில் நூறு மீட்டர் ஓட வேண்டும். பழக அவளுக்குக் கிடைப்பது, அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வரும் இந்தக் கொஞ்ச நேரம்தான். பட்டு இழைகளின் மேல் இளவெயில் வழுக்கிக்கொண்டிருக்கிறது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, பாவை ஒட்டிய ஓரமாக வெறுங்காலோடு ஓடி வருகிறாள். கோலமாவால் போட்ட முடிவுக் கோட்டில் கைகளை விரித்து நிற்கிறாள் மூன்று வயது மகள் அபிநயா. பக்கத்தில் கணவன் அருள், கையில் போனோடு.

"நேத்து வந்த டைம்தாம்மா இன்னிக்கும். நல்லா வந்துக்கினே இருக்க, கோடு கிட்ட வந்ததும் ஏன் ஸ்லோ ஆயிடுற?"

முட்டியைப் பிடித்துக் குனிந்தபடி மூச்சு வாங்குகிறாள். "பாப்பா நிக்குதே. மோதிட்டா?"

அருள் மகளைப் பார்க்கிறான். அவளைத் தூக்கிப் போய், கோட்டுக்கு வெகு பின்னால், தண்ணீர்த் தொட்டியருகே நிறுத்துகிறான். அபிநயா அங்கேயும் கைகளை விரிக்கிறாள்.

தேவிப்ரியா மறுபடி தெருமுனைக்குப் போய் நிற்கிறாள். வீட்டுக்குள் குக்கர் முதல் விசில் விடுகிறது. பாவில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து ஒதுங்குகிறார்கள். தூரத்திலிருந்து "அம்மா!" என்று குரல். அவள் ஓடுகிறாள்.

மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்ட பிறகுதான் திரும்பிப் பார்க்கிறாள்.

"கோடு எங்கப்பா?"

போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அருள் அவள் காலைக் காட்டுகிறான். வலது பாதத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது கோலமாவு.