மூச்சைக் கவனிக்கிறவள்

"மறுபடியும் கதவைச் சாத்திக்கிட்டா, பாத்தீங்களா சித்தி?"

மூத்த மகள் கரண்டியை எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சித்தி மூக்கை உறிஞ்சினாள். "யாரு, உன் தம்பி பொண்டாட்டியா? காலையிலயும் போனாளே."

"விடிஞ்சதும் ஒரு தடவை. குழந்தைங்களைக் குளிப்பாட்டற நேரத்துல ஒரு தடவை. இப்ப எல்லாரும் சாப்பிட உக்காரப் போற நேரத்துல!"

"உள்ள போய் என்னதான் பண்றாளாம்?"

"மூச்சைக் கவனிக்கிறாளாம்."

சித்தியின் கத்தி நின்றது. "அதை எதுக்குடி கவனிக்கணும்? அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும்."

வருஷக் கடைசி விடுமுறை. வெகு நாளைக்குப் பிறகு மொத்தக் குடும்பமும் ஒரே வீட்டில். வாசலில் செருப்பு மலை. கூடத்தில் பரிசுப் பொட்டலங்களைக் கிழித்துப் போட்ட காகிதம், கால் வைக்க இடமில்லை. ஒரே பொம்மையின் இரண்டு கைகளை இரண்டு குழந்தைகள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் வேலை பார்த்தே தம்பிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூத்த மகளால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. வாரம் தவறாமல் மனநிதானப் பயிற்சி வகுப்புக்குப் போகிறவள் அவள்தான். 'விடுமுறைப் பரபரப்பில் உங்களைத் தொலைத்துவிடாதீர்கள். அவ்வப்போது தனியே போய் மூச்சைக் கவனியுங்கள்' என்ற வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டவளும் அவள்தான். அதற்கு முதலில் கட்டைவிரலை உயர்த்தியவர் அப்பா.

"நீ குடுத்த மருந்துதானே? உனக்கே கசக்குதாக்கும்" என்றாள் சித்தி.

"அதுக்காக வேலையைத் தூக்கிப் போட்டுட்டா உக்காரச் சொன்னேன்? அதுவும் அப்பா ரூம்ல! மனுஷன் கொஞ்சம் சாயலாம்னு போனா, இவ பக்கத்துல உக்காந்து சாமியார் வேஷம் போடறா. அப்பா இந்தத் தடவை யார்கிட்டயாவது ரெண்டு வார்த்தை சேந்தாப்பல பேசினாரா, பாத்தீங்களா? எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். அவ ஏதோ சொல்லி வெச்சிருக்கா."

"பெரிய வார்த்தையெல்லாம் சொல்லாதே."

"சொல்லுவேன் சித்தி. எனக்கு எங்கப்பாவைத் தெரியாதா?"

அப்போதுதான் பக்கத்து அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தம்பி மனைவி வைத்துவிட்டுப் போன பால். மூத்த மகள் பதறிப்போய் வெறுங்கையால் பாத்திரத்தை இறக்கினாள். விரல் சுட்டுவிட்டது.

போதும்.

விரலை உதறிக்கொண்டே போய் அப்பாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

"ஒரு நிமிஷம் அண்ணி."

"ஒரு நிமிஷமா? அடுப்படியில நான் ஒருத்தி வெந்துக்கிட்டிருக்கேன். உனக்கு இங்க நிதானம் கேக்குதா?"

"ப்ளீஸ் அண்ணி, இப்ப பேச்சுக் குடுக்காதீங்க."

மூத்த மகள் கதவைத் தள்ளித் திறந்தாள்.

மூன்று தலையணைகளை முட்டுக்கொடுத்து அப்பா சாய்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் திறந்திருந்தன. வாயும். கட்டிலோரம் முழங்காலிட்டிருந்த தம்பி மனைவி கண்களை மூடியிருக்கவில்லை. இமைக்காமல் கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை அப்பாவின் நெஞ்சின்மேல் இருந்தது. உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

இடது கையை மட்டும் உயர்த்தி, பொறுங்கள் என்றாள்.

எண்ணி முடித்தாள்.

"கூடிடுச்சு மாமா. டாக்டர் சொன்ன அளவைத் தாண்டிடுச்சு."

"என்ன கூடிடுச்சு?" என்றாள் மூத்த மகள்.

"மூச்சு, அண்ணி. மாமாவுக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில சேக்கச் சொன்னார் டாக்டர். பிள்ளைங்க எல்லாம் வர்ற நேரம், வீட்லயே இருக்கேன்னு மாமா அவர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினார். சரி, மூச்சை எண்ணிக்கிட்டே இருங்க, தாண்டினா ஒரு நிமிஷம்கூட வீட்ல வெச்சுக்கக் கூடாதுன்னார்."

"தம்பிக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரிதானே?"

"அப்ப, நான் தியானம்னு நெனச்சது?"

தம்பி மனைவி மாமனாரின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். "உங்க வீடியோ வந்த அன்னிக்கு மாமா சொல்லிக் குடுத்தது. மூச்சைக் கவனிக்கிறேன்னு சொல்லு, பொய்யும் இல்ல, யாரும் உள்ள வந்து தொந்தரவும் பண்ண மாட்டாங்கன்னு."

அப்பா கையைத் தூக்கினார். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "ஒரு வேளைதான்மா... எல்லாரும்... ஒண்ணா உக்காந்து சாப்பிட்டதும்... போலாம்."

"இல்ல மாமா. தாண்டினா கிளம்பறோம்னு எனக்கு வாக்குக் குடுத்திருக்கீங்க." அவள் எழுந்து கதவருகே போய்க் கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். "என்னங்க, வண்டியை எடுங்க! உடனே!"

குழந்தைகளின் சத்தம் சட்டென்று அடங்கியது.

அப்பா தன் மகளின் சேலைத் தலைப்பைப் பற்றினார். அந்த வீட்டில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே கட்சி அவள்தான்.

"நீயாவது... சொல்லும்மா. வந்ததுலேருந்து... பாத்துக்கிட்டுத்தானே இருக்கே. நான்... எப்பவும் போலத்தானே... இருக்கேன்?"

மூத்த மகள் வாயைத் திறந்தாள்.

அப்பா எப்பவும் எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியவில்லை.