லாமின் சம்மதம்

"டா நாங்ல இறங்கினதும் ஒரு கிண்ணம் மீ குவாங், அப்புறம் சாம் சிற்பக்கூடம், சாயங்காலம்—"

"நான் வரலைன்னு தொண்டை கிழியக் கத்தறேன், நீங்க பாட்டுக்கு—"

"—ஹோய் ஆன்ல ஆத்தங்கரை விளக்கு! இது நான் போட்ட திட்டமா? உன் பிள்ளை போட்டது. முதல் சம்பளத்துல மூணு டிக்கெட்டும் அவன் எடுத்தது. வெள்ளிக்கிழமை விமானம்!"

"அவனே வேண்டாங்கறானே!" என்றாள் ஸுயென்.

சாப்பிட்ட கிண்ணங்களைத் தொட்டியில் போட்டாள். மாடிக்கு லாமுக்குக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவந்த கிண்ணத்தில் மட்டும் சோறு வைத்தது வைத்தபடி ஆறிக்கிடந்தது.

"என்னதான் சொன்னான்?" என்றார் தோவான்.

"நேத்து கேட்டேன், சிரிச்சான். காலையில கேட்டேன், முகத்தைக் கவுத்துக்கிட்டான்." அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவனுக்கு ஏது இந்தப் பிடிவாதம்? அது உன் சொத்து."

"எதுவோ! அவனை விட்டுட்டு எப்படிப் போறது? சோறு யார் வைப்பா?"

"மூணு நாள்தானே. பக்கத்து வீட்டு அக்கா வைப்பாங்க."

"யாரோ வச்சா அவன் தொடுவானா?"

"நீ வச்சா மட்டும் தொடறானா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஸுயென் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவள் வாசற்படி தாண்டி இரண்டு மாதம் ஆகிறது. இந்தத் தடவையும் நகராவிட்டால் இனி எப்போதும் நகரமாட்டாள் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

"இறால் போட்ட பான் ஸேயோ தோசையைச் சுடச்சுட உன் வாயில ஊட்டணும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பான்! வா, இன்னொரு தடவை கேட்போம். நானும் வரேன்."

"நான் தனியாத்தான் கேப்பேன்."

"அவன் எனக்கும் பிள்ளைதாண்டி."

மாடிப்படி ஆணியில் லாமின் ஹெல்மெட் விரிசலோடு தொங்கியது. இருவரும் அதைத் தாண்டி மேலே போனார்கள்.

படத்துக்குள் லாம் சிரித்துக்கொண்டிருந்தான். ஸுயென் ஊதுவத்தி ஏற்றினாள். தட்டில் இரண்டு பழங்காசுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசியது. போனவர்களிடம் கேட்க வேறு வழி ஏது? வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று விழுந்தால் சம்மதம். இரண்டும் வெள்ளை என்றால் சிரிக்கிறார்கள். இரண்டும் கறுப்பு என்றால் முகம் கவிழ்த்து மறுக்கிறார்கள். மூன்று தடவைக்கு மேல் கேட்கக் கூடாது.

"லாம், அப்பாவும் நானும் டா நாங் போயிட்டு வரட்டுமாடா கண்ணு?"

கண்ணை மூடிக்கொண்டு காசுகளைத் தட்டில் விட்டாள். சரியாக விழாவிட்டால், அவள் கண் திறப்பதற்குள் ஒன்றைப் புரட்டிவிடுவது என்று தோவான் படியேறும்போதே முடிவு செய்திருந்தார். விரலை நீட்டியபடி குனிந்தார்.

விரலுக்கு வேலை இல்லை. ஒன்று வெள்ளை. ஒன்று கறுப்பு.

"பார்த்தியா! சரின்னுட்டான் பார்த்தியா!" அவர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "போயிட்டு வாங்கன்னுட்டான்!"

ஸுயென் கண்ணைத் திறந்தாள். காசுகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் வியப்பே இல்லை.

"முன்ன ரெண்டு தடவையும் இதையேதாங்க சொன்னான்."