பின் சீட்டு இல்லாத கார்

மருதாசலமும் வசுமதியும் பார்க்க வந்தது பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். அதன் சிவப்பு நிறம் வெயிலில் வெளுத்திருந்தது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு.

“உங்க கைக்கு அடக்கமான விலைதானுங்க. பின் சீட்டு இல்லாததால எவனும் சீந்த மாட்டேங்கறான்” என்றார் தரகர் சின்னராசு. “குடும்பஸ்தருக்கு இது ஆகுமுங்களா? உங்க பழைய காரையே வச்சிருக்கலாம், நல்லா ஓடுற வண்டி.”

“பின் சீட்டு வேண்டாங்க” என்றாள் வசுமதி.

பழைய காரின் பின் சீட்டில்தான் மகள் இனியா உட்கார்ந்து வருவாள். ஆடியில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு இருவரும் அந்தக் காரில் ஏறவில்லை. அதை விற்று வந்த பணத்தில்தான் இதை வாங்கினார்கள்.

சின்னராசு நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். “நசுக்கிட்டுப் போயிட்டே இருங்க. திரும்பி மட்டும் பாத்துராதீங்க அக்கா, திருஷ்டி கூடவே வந்துரும்.”

வசுமதி தலையாட்டினாள். மருதாசலம் சாவியைத் திருப்ப, எஞ்சின் உறுமியது. கிளம்பும்போது எப்போதும் செய்வதுபோல் அவள் திரும்பினாள். கை தானாகப் பின்னால் போயிற்று. சீட்டை ஒட்டியே இருந்த தகரத்தில் பட்டு நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.

“போலாமா?” என்றான்.

“இனியா பெல்ட்டு போட்டுட்டா. போலாம்.”

மருதாசலம் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கவில்லை. சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் இருந்தன.