கோட்டையில் கடைசி ஆள்

"அந்தம்மாவை விட்டுட்டுக் கிளம்பலாம்" என்றார் கோதண்டபாணி, மைக்கில்.

பஸ்ஸில் நாலு பேர் கை தட்டினார்கள்.

தி.நகரிலிருந்து கிளம்பிய பத்து நாள் ஐரோப்பா டூர். அன்று எட்டாவது நாள். ஜெர்மனியில் ஒரு மலை, உச்சியில் எண்ணூறு வருஷத்துக் கோட்டை, கீழே பள்ளத்தாக்கில் ரைன் நதி. நாலு மணிக்கெல்லாம் எல்லோரும் அடிவாரத்தில் பஸ்ஸுக்குத் திரும்பிவிட வேண்டும். நாலரைக்கு ஆற்றில் கடைசிப் படகு. அந்தப் படகுக்காகவே பாதிப் பெண்கள் குளிரையும் பாராமல் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள்.

மணி நாலு பத்து. ஜானுவைக் காணோம்.

ஜானு அடையாறு. நாற்பது வயசு, தனியாக டூர் வந்தவள். ரெண்டாவது நாளிலிருந்து எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் கடைசி ஆளாகத்தான் ஏறுவாள்.

கோதண்டபாணி மேற்கு மாம்பலம். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம். டூர் மேனேஜர் தௌசீஃபின் மைக்கை முதல் நாளே பிடுங்கிக்கொண்டுவிட்டார். யார் எத்தனை நிமிஷம் லேட் என்று பேரைச் சொல்லி அறிவிப்பது அவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை. சம்பளம் இல்லாத உத்தியோகம் என்றால் சிலருக்கு உற்சாகம் ஜாஸ்தி.

தாட்சண்யமே கிடையாது. முதல் நாள் கடைசியாக வந்தது அவர் மனைவி வைதேகி. சொந்தப் பெண்டாட்டி என்றும் பார்க்காமல் மைக்கிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். வைதேகி கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒருநாள்கூட அவள் கடைசியாக வந்ததில்லை.

"சார், கோட்டை பெரிசு. முந்நூறு படி இறங்கணும்" என்றான் தௌசீஃப்.

"நான் இறங்கலையா? அறுபத்தொன்பது வயசு எனக்கு. நாப்பது நிமிஷத்துல முழுக் கோட்டையையும் முடிச்சுட்டேன். வாள், கேடயம், கெணறு, பீரங்கி, ஒண்ணு விடலை."

உண்மைதான். கைடு வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த அறையில் இருந்தார். காய் வாங்கப் போனாலும் பத்தடி முன்னால் நடக்கிறவர். வைதேகி தன் பாட்டுக்குப் பின்னால் வந்துவிடுவாள்.

"அதோ வராங்க சார்" என்றார் ஜன்னலோரம் இருந்த முருகையன். பாண்டி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மலைப்படியின் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஜானுவின் தலை மட்டும் தெரிந்தது. பத்துப் படி இறங்கினாள். நின்றாள். ஆற்றைப் பார்த்துத் திரும்பி ஒரு செல்ஃபி. மறுபடி பத்துப் படி. மறுபடி ஒரு செல்ஃபி.

"கொழுப்பைப் பாருங்க" என்றார் முருகையன். "இங்க படகு போயிடும்னு நம்ம வயிறு எரியுது."

"டிரைவர், ஸ்டார்ட்" என்றார் கோதண்டபாணி. வெள்ளைக்கார டிரைவர் பயந்துபோய் சாவியைத் திருகினார்.

"சார், தனியா வந்த லேடி" என்று தௌசீஃப் இழுத்தான்.

"டாக்ஸி பிடிச்சு ஹோட்டலுக்கு வரட்டும். பட்டாத்தான் தம்பி புத்தி வரும். எங்காத்துல பாரு, ஒரே நாள்ல திருந்திட்டா."

தௌசீஃப் வேறு வழியில்லாமல் தலைகளை எண்ணினான். இன்னொரு தடவை எண்ணினான்.

"ரெண்டு பேர் குறையுது சார்."

"இன்னொண்ணு யாரு? பேரைச் சொல்லு, மைக்ல போடறேன்."

தௌசீஃப் திரும்பினான். பஸ்ஸின் கடைசி வரிசையைப் பார்த்தான். கோதண்டபாணியும் திரும்பினார். எட்டு நாளில் அவர் பின்பக்கம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வைதேகியின் சீட்டில் ஒரு ஸ்வெட்டர் மட்டும் கிடந்தது.

வெளியே, கைப்பிடிச் சுவர் முடிகிற இடத்தில் ஜானு வந்து நின்றாள். அவள் தோளை ஒரு கையாலும் தன் முழங்காலை இன்னொரு கையாலும் பிடித்துக் குனிந்தபடி, பின்னாலேயே வைதேகி. கடைசிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஜானு சும்மா நிற்கிற மாதிரி இன்னொரு செல்ஃபி எடுத்தாள்.

முருகையன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வாசலுக்கு வந்ததும் ஜானு ஒதுங்கிக்கொண்டு வைதேகியை முதலில் ஏற்றிவிட்டாள். நிதானமாக ஒன்று இரண்டு என்று பத்து வரை எண்ணினாள். அப்புறம் ஏறினாள்.

"சாரி சார்" என்றாள் கோதண்டபாணியிடம். "மாமி அப்பவே வந்தாச்சு. இன்னிக்கும் நான்தான் லேட்."