ஓடாத சைக்கிளின் வரி

சைக்கிள் வரி வாங்கப் பிரதேச சபையிலிருந்து சுகிர்தன் வருகிறான் என்றால், தர்மபுரத்தில் பாதிச் சைக்கிள்கள் திடீரென்று பழுதாகிவிடும்.

"எங்கடையும் ஓடுறேல்லை, தம்பி," என்றாள் இராசமலர். "அவர் பூட்டிப்போட்டு, திறப்பையும் கொண்டு நாயாற்றுக்குக் கடல்தொழிலுக்குப் போனவர். ஒன்பது வருசம். இன்னும் வரேல்லை."

ஓடாத சைக்கிளுக்கு வரியில்லை. ஆனால் நேரில் பார்த்துத்தான் எழுத வேண்டும். சுகிர்தன் கொட்டிலுக்குள் போனான். பூட்டு துருப்பிடித்து அப்படியே பூட்டிக் கிடந்தது. இரண்டு ரயர்களிலும் காற்று இறுக்கமாக இருந்தது. அவற்றில் கடல்மணல் ஈரமாக ஒட்டியிருந்தது.

"நீங்களுமா அக்கா?" என்று சிரித்தான்.

இராசமலர் குனிந்து ரயரைத் தொட்டாள். மணலை விரல்களில் தேய்த்துப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய்க் காசை எடுத்து வந்தாள்.

"ஓடுது தம்பி, எழுதுங்கோ," என்றாள். "பற்றுச்சீட்டில அவற்ற பேரைப் போடுங்கோ."