ஸிப் இல்லாத பை

"ஸிப் இல்லாத கிட்டார் பை இருக்கா, தங்கச்சி?"

கோலசிலாங்கூரில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் மோகனா, வந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள். பெயர் ரவீந்திரனாம், ஈஜோக்கிலிருந்து வருகிறானாம். நெஞ்சோடு அணைத்திருந்த கிட்டாரில் கம்பியும் இல்லை, முறுக்காணியும் இல்லை. மொட்டையடித்த பிள்ளை மாதிரி இருந்தது.

"ரிப்பேருக்கா, அண்ணே?"

"இல்ல, பை மட்டும் போதும். என் தங்கச்சி தனுஜாவோடது. உறை போடாம இத வாசல் தாண்ட விடமாட்டா. சட்டை போடாமப் பிள்ளைய வெளிய அனுப்புவியான்னு சண்டைக்கு வருவா."

மோகனா உருகிப்போய், கடையிலேயே ஒசத்தியான ஹார்ட் கேஸை இறக்கினாள். "லோரி ஏறினாலும் ஒன்னும் ஆகாது லா."

"பூட்டு இரும்பா?"

"பின்ன, வாழைநாரா?"

"அப்ப வேணாம்."

அடுத்தது நுரை வைத்த பை. அவன் உள்ளே கைவிட்டுத் தடவி, பிளாஸ்டிக் என்று திருப்பிக் கொடுத்தான். மழை தாங்கும் பைக்கும் அதே கதிதான். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை குறை சொல்ல மாட்டார்கள் என்று மோகனா நினைத்துக்கொண்டாள்.

"பழைய பை என்னாச்சு?"

"இருக்கு. அதுலயும் ஸிப்பு, ஸ்பாஞ்சு. அதோட போனா கிட்டார உள்ள விடமாட்டாங்களாம். இது அவ கூடவே போகணும், தங்கச்சி. மூனு மணிக்குள்ள."

மூன்று மணிக்கு நிகழ்ச்சி போல, கம்பியெல்லாம் அங்கே போய் மாட்டுவார்களாக்கும். இந்த மண்டபத்துக்காரர்களின் கெடுபிடிக்கு அளவே இல்லாமல் போய்விட்டது. மோகனா ஏணி போட்டு ஏறி, மேல்தட்டில் விலைபோகாமல் கிடந்த தம்புரா உறையை எடுத்துத் தூசி தட்டினாள். வெறும் பருத்தித் துணி, வாயில் ஒரு நாடா.

ரவீந்திரன் கிட்டாரை அதற்குள் மெல்ல இறக்கி, நாடாவை முடிந்தான். பிறகு என்ன தோன்றியதோ, முடிச்சை அவிழ்த்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் ரிப்பன் மாதிரி பூப்போட்டுக் கட்டினான்.

"உள்ளதச் சொல்லிடறேன், அண்ணே. இது தூசிக்கு மட்டும்தான். அடி பட்டா, மழை பட்டா, சூடு பட்டா ஒன்னையும் காப்பாத்தாது. அப்படி என்ன மண்டபம் அது, இரும்பும் ஆகாது, பிளாஸ்டிக்கும் ஆகாதுன்னு?"

அவன் நாடாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மண்டபம் இல்ல, தங்கச்சி. மின்சுடலை."