சிவப்புத் தண்ணீர் போன வழி

உஷாராணி வாளித் தண்ணீரில் குங்குமத்தைக் கொட்டிக் கலக்கினாள்.

“ஐயோ அண்ணி, குங்குமத்தப் போயி கக்கூஸ்லயா!” ஜெயமணி வாயில் கை வைத்தாள்.

“மஞ்சத்தூள் போட்டா எது எதுன்னு எப்புடி கண்டுபுடிப்ப? ஊத்து லா. நான் வெளிய மேன்ஹோல்ல பாக்குறேன்.”

இருவரும் சிரித்தார்கள். எட்டு மாதமாக அந்தக் குங்குமத்துக்கு வேலையில்லை என்பதை உஷாராணி சொல்லவில்லை.

வீடு வாங்குகிறவர்களுக்காகக் கூரை, சுவர், வயரிங் எல்லாம் பார்த்து எழுதிக் கொடுப்பது அவள் கணவன் திருச்செல்வத்தின் தொழில். அவர் போன பிறகு அவளே பார்க்கிறாள்.

கழிவுக் குழாய்ச் சோதனையை அவர் கடைசி வருடத்தில்தான் சேர்த்தார். வீடு பார்ப்பது போதாதா, கக்கூஸ் வேறா என்று அவள் இரண்டு நாள் பேசவில்லை. அவர் விசிட்டிங் கார்டில் ஒரு வரி கூட்டி அச்சடித்துக்கொண்டு வந்தார்.

குருபோங்கின் இந்த வரிசையில் இருபத்திரண்டு வீடுகள். பெம்பான் பக்க ரப்பர் தோட்டத்திலிருந்து கிளம்பிய குடும்பங்கள் ஆறு வருடத்துக்கு முன்னால் வாங்கியவை. அத்தனைக்கும் ‘நல்ல வீடு’ என்று எழுதிக் கொடுத்தவர் அவர்.

அண்ணன் பார்த்த வீடு என்ற ஒரே நம்பிக்கையில்தான், ஜெயமணி பதினாலு வருட ஃபேக்டரிச் சம்பளத்தை, இப்போது விலைக்கு வந்த பதினாறாம் நம்பரில் போடுகிறாள். நாளை லாயர் ஆபீசில் கையெழுத்து.

உஷாராணி இரும்புக் கம்பியால் மேன்ஹோல் மூடியை நெம்பினாள்.

உள்ளே தண்ணீர் இழுக்கும் சத்தம் மூன்று தடவை கேட்டது.

குழியில் ஒரு கரப்பான் ஓடியது. ஆறு வருடத்தில் ஒரு சொட்டுக்கூடப் பார்க்காத சிமெண்டு, கட்டிய அன்று போலவே வெள்ளையாகக் கிடந்தது.

“வந்துச்சா அண்ணி?” ஈரக் கையோடு ஜெயமணி ஓடி வந்தாள்.

பின்பக்கத்தில், சாக்கடையின் மூடிப் பலகை முடிகிற இடத்திலிருந்து கோடி வீட்டு வீராசாமி கத்தினார். “ஏம்மா உஷா, இங்க லோங்காங்ல செவப்பா ஓடுதும்மா!”

வரிசையைக் கட்டியவர்கள் குழாயை மேன்ஹோலில் சேர்க்கவே இல்லை. நேராகப் பின்புறச் சாக்கடையில் விட்டு, மேலே சிமெண்டுப் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். இத்தனை வருட நாற்றத்துக்கு இந்த வரிசையே ரப்பர் ஃபேக்டரியைத் திட்டிக்கொண்டிருந்தது.

உஷாராணி பேனாவை எடுத்தாள். ‘சிறு பழுது’ என்று எழுதலாம். செத்தவருடைய பெயர் இந்த வரிசையில் அப்படியே நிற்கும். ஜெயமணி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீராசாமி மூச்சு வாங்க வந்து நின்றார்.

“செல்வம் சொன்னப்பவே கேட்டிருக்கணும்மா. போன வருசம் ஞாயித்துக்கெழம ஆனா வந்துருவான். வீடு வீடா நின்னு, ஓசியிலயே கொழாய் பாத்துத் தரேன்பான். நல்ல வீடுன்னு நீயே எழுதிக் குடுத்துட்டு, இப்ப கக்கூஸக் கிண்ட வந்துட்டியாடான்னு நாங்கதான் சிரிச்சு வெரட்டுனோம்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் டுரியான் துங்கால் பக்கம் மீன் பிடிக்கப் போவதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தார். ஒரு நாளும் மீன் கொண்டு வந்ததில்லை.

உஷாராணி ரிப்போர்ட் தாளில் வீட்டு எண்ணாக இருந்த பதினாறை அடித்தாள். ‘ஒன்று முதல் இருபத்திரண்டு வரை’ என்று எழுதினாள்.